பக்கக்காற்றில் இறங்கும் சிறு விமானம்: விபத்து எந்த இடத்தில் தொடங்குகிறது?

மட்டக்களப்பு நகரத்திலிருந்து வவுணதீவுப் பக்கம் போகும்போது வலையிறவுப் பாலத்தடியில் சற்று நின்று பார்த்தால், திமிலைதீவு விமான நிலையத்தில் இறங்க வரும் சிறு விமானங்கள் சில நாட்களில் விசித்திரமாகத் தோன்றும். விமானம் ஓடுபாதையை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும்; ஆனால் அதன் மூக்கு ஓடுபாதையைப் பார்த்திராது. மூக்கு ஒரு புறம் திரும்பியிருக்க, விமானம் வேறொரு புறம் நகர்வதுபோல இருக்கும். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்பிக்கும் என்னிடம் ஒரு மாணவன் இக்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, "சேர், அந்தப் பிளேன் கோணலாத்தானே வந்தது, பிறகு எப்பிடி நேரா இறங்கினது?" என்று கேட்டான். அதற்கு, அளவும் திசையும் கொண்ட கணியங்களைக் கூட்டும் காவிக் கூட்டலைக் கொண்டு பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடலாம். அவன் அடுத்துக் கேட்ட கேள்விக்குத்தான் நீண்ட விடை தேவைப்பட்டது: "அப்ப ஏன் சில பிளேன் இறங்கின பிறகும் பாதையை விட்டுப் போய் உடையுது?"

"இறங்கின பிறகும்" என்று அவன் சொன்னது மிகவும் சரியானது. பக்கக்காற்றினால் நேரும் விபத்து என்றதும், வானத்தில் வரும் விமானத்தைப் பெருங்காற்று தூக்கி எறிவதாகவே பலர் எண்ணுகிறோம். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியைப் பார்த்தவர்களும் அதைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களும் வாழும் இந்த மாவட்டத்தில் அவ்வெண்ணம் இயல்பானதே. எனினும், சிறு விமானத்துக்கு அத்தகைய காற்று தேவையில்லை. களவெட்டியில் நெல் தூற்றுவதற்குப் போதுமான காற்று, அதாவது புழுதியையும் கடதாசித் துண்டையும் கிளப்பிச் சிறு கிளைகளை அசைக்கும் 11 முதல் 16 நொட் வரையிலான காற்று, பக்கவாட்டில் விட்டுவிட்டு வீசினாலே போதும். ஒரு நொட் என்பது மணித்தியாலத்துக்கு 1.852 கிலோமீற்றர் ஆகையால், 15 நொட் காற்று ஏறத்தாழ 28 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறது. இது மிதிவண்டியில் சற்று விரைவாகப் போகிறவரின் வேகந்தான்.

சிறு விமானங்களுக்கு நேரும் விபத்துகளில் எண்ணிக்கையால் முன்னிற்பவை தரையிறக்கத்தில் நிகழ்பவையே. அவற்றில் உயிரிழப்பு ஏற்படுவது குறைவு. பெரும்பாலும் முன்சில்லுக் கால் மடியும், உந்துசுழலி தரையில் அடித்து வளையும், இறக்கை நுனி உரசும். ஆட்கள் இறங்கி நடந்து போய்விடுவார்கள். அதனாலேயே இவை செய்தியாவதில்லை. ஆனால் இவற்றுக்குள் உயிரைப் பறிக்கும் வகையும் ஒன்று உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன்.

முதலில் காற்றையும் ஓடுபாதையையும் பொருத்திப் பார்க்க வேண்டும். ஓடுபாதைகளுக்கு இடப்படும் எண் அவற்றின் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துப் பெறப்படுவது. மட்டக்களப்பு ஓடுபாதை 06/24 என்று குறிக்கப்படுகிறது. அதாவது ஒரு முனையிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 60 பாகையை, கிழக்கு வடகிழக்கை நோக்கும். மறுமுனையிலிருந்து 240 பாகையை, மேற்குத் தென்மேற்கை நோக்கும். நமது கரையின் காற்றுகளை அறிந்தவர்களுக்கு இத்திசை ஏன் தெரிவுசெய்யப்பட்டது என்பது உடனே விளங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்றும், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வரும் காற்றும் இக்கோட்டுக்கு அண்மையாகவே வீசுகின்றன. பிற்பகலில் கடலிலிருந்து ஏறும் காற்றும் பெரும்பாலும் அவ்வாறே. விமானம் எதிர்க்காற்றில் இறங்குவதையே விரும்பும். ஏனெனில் எதிர்க்காற்று தரையைக் குறித்த வேகத்தைக் குறைத்துத் தருகிறது. ஓடுபாதையைத் திட்டமிடுவோருக்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வழங்கும் பரிந்துரையும் இதுவே: நூற்றுக்கு 95 பங்கு நேரமாவது பக்கக்காற்று மிகையாகாதவாறு திசை அமைய வேண்டும். 1,200 மீற்றரிலும் குறைந்த நீளம் போதுமான விமானங்களுக்கு அம்மிகை 10 நொட் என்றும், 1,500 மீற்றரும் அதற்கு மேலும் வேண்டியவற்றுக்கு 20 நொட் என்றும் அப்பரிந்துரை கொள்கிறது.

எஞ்சிய நேரம்தான் நமது பொருள். காற்று என்றும் ஒரே கோட்டில் நிற்பதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் நம்மை வாட்டும் கச்சான், மத்திய மலைநாட்டைத் தாண்டி இறங்கும்போது ஈரத்தை இழந்து சூடேறி வரும் உலர்காற்று; அது வலுத்த நாட்களில் கடற்காற்றையே கரையேற விடாது. தென்மேற்கிலிருந்து வந்தால் ஓடுபாதைக்கு நேராக இருக்கும். சரியான மேற்கிலிருந்து வந்தால் 30 பாகை விலகியிருக்கும். வாடையும் அப்படியே. வடகிழக்காக இருக்கும்வரை தொல்லை சிறிது. வடக்குக்குத் திரும்பினால் 60 பாகை விலகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகலில் எழும் இடிமுகிலின் அடியிலிருந்து கொட்டிப் பரவும் குளிர்காற்றுக்கோ திசையே கிடையாது. முகில் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து அது வரும்.

காற்றின் வேகத்தை ஒரு காவியாக வரைந்து, ஓடுபாதைக்குச் சமாந்தரமாக ஒன்றும் செங்குத்தாக ஒன்றுமாக இரண்டு கூறுகளாகப் பிரித்தால், செங்குத்தான கூறே பக்கக்காற்று. கணக்கு எளியது: காற்றின் வேகத்தை விலகற் கோணத்தின் சைனால் பெருக்க வேண்டும். 30 பாகைக்குக் காற்றின் பாதி. 45 பாகைக்குப் பத்தில் ஏழு. 60 பாகைக்கு 0.87, 90 பாகைக்கு முழுமையும். எனவே 20 நொட் கச்சான் மேற்கிலிருந்து வீசும்போது 24 என்னும் திசையில் இறங்கும் விமானத்துக்குப் பக்கக்காற்று 10 நொட். அதே காற்று வேகம் மாறாமல் இன்னும் 30 பாகை வடக்கே திரும்பினால் பக்கக்காற்று 17 நொட் ஆகிவிடும். திசை மாற்றம் மட்டுமே இவ்வளவு செய்யும் என்பதைத் தொடக்கத்தில் படிப்போர் கவனிப்பதில்லை.

10 நொட்டும் 17 நொட்டும் ஒரு விமானத்துக்கு எவ்வளவு பெரிது? உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட சிறு விமானமான செஸ்னா 172இன் கைந்நூலில் 15 நொட் என்றொரு எண் உண்டு. பயிற்சிக்குப் பயன்படும் அதன் சிறிய உறவான செஸ்னா 152க்கு அது 12 நொட். இவை விமானம் தாங்கக்கூடிய எல்லை என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. விமானத்தைச் சான்றளிக்கும் காலத்தில், தேர்ந்த பரீட்சை விமானி ஒருவர் அந்த அளவு பக்கக்காற்றில் அதை இறக்கிக் காட்டியுள்ளார் என்பதே அதன் பொருள். விமானம் அதற்கு மேலும் தாங்கலாம். ஆனால் விமானியும் தாங்குவாரா என்பது வேறு கேள்வி. என் கருத்தில், புதிதாகப் பறக்கக் கற்பவர் அந்த எண்ணைத் தமக்குரிய எண்ணாகக் கொள்ளவே கூடாது. தம் ஆசிரியரோடு தாம் பழகிய காற்று எதுவோ, அதுவே தம் எல்லை.

இனி வீச்சுக்கு, அதாவது காற்று திடீரென வலுத்துத் தணிவதற்கு, வருவோம். கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் இதை உடம்பால் அறிந்தவர்கள். ஒரே சீராகப் பக்கத்திலிருந்து தள்ளும் காற்றுக்குச் சற்றுச் சாய்ந்து கொடுத்தால் போதும், நேராகப் போகலாம். பக்கத்தில் ஒரு பேருந்து முந்திச் செல்லும்போது காற்று மறைபட்டு, அது கடந்ததும் மீண்டும் அடிக்கும் அந்தக் கணத்தில்தான் வண்டி அலைகிறது. நாம் காற்றுக்குக் கொடுத்த சாய்வு, காற்று இல்லாத கணத்தில் நம்மையே எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. விமானத்திலும் துன்பம் தருவது காற்றின் அளவைவிட அதன் மாற்றமே.

விமான நிலையங்களில் காற்றின் வேகத்தைச் சராசரியாகவே கூறுவார்கள். இறங்க வரும் விமானிக்குச் சொல்லப்படுவது கடைசி இரண்டு நிமிடத்தின் சராசரி. அச்சராசரியை 10 நொட் அல்லது அதற்கு மேல் விஞ்சும் வீச்சு இருந்தால் அதையும் சேர்த்துக் கூறுவார்கள். எடுத்துக்காட்டாக, வடக்கிலிருந்து 12 நொட், வீச்சு 22 நொட் என்று கொள்வோம். 06 ஓடுபாதைக்கு இது 60 பாகை விலகிய காற்று. சராசரியில் பக்கக்காற்று ஏறத்தாழ 10 நொட். செஸ்னா 152க்குக் கூட இது அடங்கும். வீச்சிலோ 19 நொட். செஸ்னா 172இன் எண்ணையும் அது தாண்டுகிறது. சராசரியை மட்டும் கணக்கிட்டு "இறங்கலாம்" என்று தீர்மானித்த விமானி, சில்லு தரையைத் தொடும் செக்கனில் எந்தக் காற்றைச் சந்திப்பார் என்பது அவர் கையில் இல்லை. வீச்சு என்று அளவிடப்படுவது பொதுவாக மூன்று செக்கன் சராசரி. 65 நொட் வேகத்தில் வரும் விமானம் அந்த மூன்று செக்கனில் ஏறத்தாழ 100 மீற்றர் போய்விடும். கடைசித் தாழ்ச்சியும் தொடுகையும் முடிய எடுக்கும் நேரமும் சில செக்கன்களே. வீச்சின் காலமும் விமானியின் மிக நுணுக்கமான வேலையின் காலமும் ஒன்றாகவே இருப்பதுதான் இச்சிக்கலின் மூலம் என்று நான் கருதுகிறேன்.

வீச்சு எங்கிருந்து வருகிறது? வெயில் ஏறத் தரை சூடாகி, காற்றுத் துண்டுகள் மேலெழ, மேலே வேகமாக ஓடும் காற்று அவற்றின் இடத்துக்குக் கீழே இறங்குகிறது. காலையில் அமைதியாக இருந்த இடம் நண்பகலுக்குப் பின் அலைவதற்கு இதுவே காரணம். மரக்கூட்டமும் கட்டடமும் காற்றை உடைத்துச் சுழலாக்கும். வாவி நீர்ப்பரப்பு காற்றைத் தடுப்பதில்லை. ஆனால் நீரைத் தாண்டிக் கரையின் தென்னை வரிசைக்குப் பின்னால் விமானம் இறங்கும்போது, கல்லடிப் பாலத்தில் பேருந்து செய்த வேலையை அந்தத் தென்னைகள் செய்யும்.

இறக்கை தரும் தூக்குவிசை காற்றைக் குறித்த வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும். 65 நொட்டில் வந்துகொண்டிருக்கையில் எதிர்க்காற்றுக் கூறு திடீரென 10 நொட் குறைந்தால், சடத்துவம் (உள்ள இயக்கத்தையே தொடரும் இயல்பு) காரணமாக விமானத்தின் தரை வேகம் உடனே மாறாது. காற்றைக் குறித்த வேகம் 55 ஆகிவிடும். 55ஐ 65ஆல் வகுத்து வர்க்கித்தால் 0.72 வரும். அதாவது தூக்குவிசையில் நூற்றுக்கு 28 பங்கு ஒரு கணத்தில் போய்விடுகிறது. ஓடுபாதைக்கு மேல் மூன்று மீற்றர் உயரத்தில் இது நிகழ்ந்தால் விமானம் இறங்குவதில்லை, விழுகிறது. இதற்காகவே, வீச்சுக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டின் பாதியை வழமையான அணுகு வேகத்தோடு சேர்த்து வருமாறு கற்பிக்கிறார்கள். 12 நொட், வீச்சு 22 என்றால் 5 நொட் சேர்த்து 70. இதிலும் அளவு வேண்டும். 70 நொட்டில் இயக்கசக்தி 65இல் உள்ளதைவிட நூற்றுக்கு 16 பங்கு கூடுதல். பயம் காரணமாக மேலும் மேலும் கூட்டினால் விமானம் தரையில் அமர மறுத்து ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே போகும். குறைந்த வேகத்தில் தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்னோரத்தில் இறக்கப்படும் தட்டான ஃபிளாப்பை முழுதாக இறக்காமல், ஓடுபாதையின் நீளத்துக்குத் தேவையான அளவு மட்டும் இறக்குவதும் இத்தகைய நாட்களில் வழக்கம்.

இப்போது மாணவனின் முதற்கேள்வி. வாவியில் நீரோட்டம் இருக்கும்போது தோணியில் அக்கரைக்குப் போகிறவர், போய்ச் சேர வேண்டிய துறைக்கு நேரே அணியத்தைப் பிடிப்பதில்லை. நீரோட்டம் வரும் பக்கமாகச் சற்று ஏற்றிப் பிடிப்பார். அணியம் ஒரு பக்கம் பார்த்தாலும் தோணி துறைக்கே போய்ச் சேரும். விமானியும் காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பி வைத்துக்கொள்கிறார். 65 நொட்டில் வரும் விமானத்துக்கு 10 நொட் பக்கக்காற்றைச் சரிக்கட்ட 9 பாகை திருப்பினால் போதும். விமானிகள் இதை நண்டோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். கடற்கரை நண்டு பார்க்கும் திசையும் ஓடும் திசையும் வேறாக இருப்பதால் ஒப்புமை பொருத்தமானதே.

ஆனால் தோணிக்குச் சில்லு இல்லை. விமானம் இதே கோணலில் தரையைத் தொட்டால், சில்லுகள் தாம் உருளும் திசைக்குக் குறுக்கே இழுக்கப்படும். கால்கள் பக்கவாட்டு விசையை வாங்கும். விமானம் ஒரு பக்கம் குலுங்கித் திரும்பும். ஆகவே தொடுகைக்கு முன் மூக்கு ஓடுபாதையோடு நேராக வேண்டும். அதேவேளை விமானம் பக்கவாட்டில் நகராமலும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரச் சாதிக்க ஒரு வழி, காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்கச் சுக்கானை, அதாவது வாலில் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் தட்டை இயக்கும் மிதியை, மிதிப்பது. காற்று இடப்பக்கமிருந்து வருகிறதென்றால், இடது இறக்கை தாழும்போது தூக்குவிசையின் ஒரு கூறு விமானத்தைக் காற்றுக்கு எதிராக இழுத்துப் பிடிக்கும். வலது சுக்கான் மூக்கை இடப்பக்கம் திரும்பவிடாமல் நேராக வைத்திருக்கும். இந்நிலையில் முதலில் இடப்பக்கப் பிரதான சில்லு மட்டும் தரையைத் தொடும், பிறகு வலது, கடைசியாக முன்சில்லு. ஒரு சில்லில் இறங்குவதைப் பார்ப்பவர்களுக்கு அது பிழைபோலத் தெரியும். உண்மையில் அதுவே முறை.

மற்றொரு வழி, கடைசிவரை கோணலாகவே வந்து, தொடுகைக்குச் சற்று முன் சுக்கானால் மூக்கை நேராக்குவது. நேராக்கியதும் விமானம் உடனே பக்கம் நகரத் தொடங்காது. சடத்துவம் ஓரிரு செக்கன் அவகாசம் தரும். முன்கூட்டியே நேராக்கினால் அந்த அவகாசம் காற்றிலேயே தீர்ந்துபோகும். விமானம் பக்கமாக நகர்ந்தபடியே தரையைத் தொடும். வீச்சுள்ள காற்றில் தொடுகை எந்த செக்கனில் நிகழும் என்று கணிப்பது கடினம் என்பதால், சிறு விமானம் கற்போருக்கு முதல் வழியே பொருத்தமானது என்பது என் முடிவு. சில வடிவமைப்பாளர்கள் இந்த நேராக்கும் வேலையையே விமானத்திடம் ஒப்படைக்க முயன்றுள்ளனர். 1937இல் முதன்முதலாகப் பறந்த எர்க்கூப் என்னும் இரண்டிருக்கை விமானத்தில் சுக்கான் மிதியே வைக்கப்படவில்லை. கோணலாகவே இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குமாறு அதன் கால்கள் அமைக்கப்பட்டன. அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் மூக்குத் திரும்பியிருக்கும்போதே சில்லுகளை மட்டும் ஓடுபாதைத் திசைக்குத் திருப்பி வைக்கலாம்.

சில்லுகள் தொட்டுவிட்டன. விபத்துகளின் பெரும்பகுதி இனித்தான் தொடங்குகிறது.

காற்றில் இருக்கும்வரை விமானம் காற்றுத் திரளோடு சேர்ந்து நகர்கிறது. தரையைத் தொட்டதும் அது தரையோடு கட்டுப்பட வேண்டிய வண்டியாகிறது. ஆனால் ஒரே கணத்தில் அவ்வாறு ஆகிவிடுவதில்லை. தொட்ட கணத்தில் இறக்கைகள் இன்னும் எடையின் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டிருக்கின்றன. சில்லுகள் தரையை இலேசாகவே அழுத்துவதால் உராய்வு குறைவு. தடை பிடித்தால் வழுக்கும். வேகம் குறையக் குறையச் சுக்கானும் வலுவிழக்கிறது. வேகம் பாதியானால் அதன் விசை காற்பங்காகிவிடும். வானத்தின் பிடி தளர்ந்து, தரையின் பிடி இன்னும் இறுகாத சில செக்கன்கள் இவை.

இதே செக்கன்களில் பக்கக்காற்றின் வலு கூடுகிறது. காற்றின் வேகம் அப்படியே இருந்தாலும், விமானத்தின் பார்வையில் காற்று வரும் கோணம் மாறுவதே காரணம். 60 நொட்டில் நேராக ஓடும் விமானத்தை 10 நொட் பக்கக்காற்று தாக்கும்போது, இரண்டையும் கூட்டிய காற்று மூக்கிலிருந்து 9 அல்லது 10 பாகை விலகி வரும். விமானம் 20 நொட்டுக்குக் குறைந்ததும் அதே காற்று 27 பாகை விலகி வருகிறது. விமானத்தின் வாலில் நிற்கும் செங்குத்துத் தட்டு, கூரையின் மேல் வைக்கப்படும் காற்றுத்திசை காட்டியின் வாலைப் போன்றது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பப் பார்க்கும். எனவே, காற்று இடமிருந்து வந்தால், இறங்கிய விமானம் காற்றோடு வலப்பக்கம் அடித்துச் செல்லப்படுவதைவிட, மூக்கை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு காற்று வரும் பக்கமாகவே ஓடுபாதையைவிட்டு வெளியேறுவதே அதிகம் காணப்படுகிறது. மாணவர்களுக்கு இது முதலில் வியப்பாக இருக்கும்.

காற்று வரும் பக்க இறக்கை மேலெழும் தொல்லையும் இதனோடு சேர்கிறது. விமானம் நேராக ஓடும்போது அப்பக்கத்து இறக்கைக்குக் கீழ் காற்று புகுந்து அதைத் தூக்குகிறது. மற்றைய இறக்கை நுனி தரையை நோக்கிச் சாய்கிறது. இதைத் தடுக்கவே, இறக்கையின் பின்னோரத்தில் உள்ள ஏலெரான் தட்டுகளை இயக்கும் பிடியைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்திருக்க வேண்டும். வேகம் குறையக் குறைய மேலும் மேலும் திருப்பி, கடைசியில் முழுதாகத் திருப்பிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். புதியவர்கள் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. சில்லு தொட்டதும் "இறங்கியாயிற்று" என்ற ஆறுதலில் கை தளர்ந்து பிடியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த ஆறுதல் மூச்சு விடும் நேரத்தில் அடுத்த வீச்சு வருகிறது.

வேகத்தைக் கூட்டி வந்தவருக்கு வேறொரு வகைத் தவறு காத்திருக்கிறது. இன்னும் பறக்க விரும்பும் விமானத்தை வலிந்து தரையில் அமர்த்துவதற்குப் பிடியை முன்னே தள்ளினால், முழு எடையும் முன்சில்லில் ஏற, பின்னுள்ள பிரதான சில்லுகள் இலேசாகிவிடும். விமானம் ஒற்றைச்சில்லுத் தள்ளுவண்டிபோல முன்சில்லைச் சுற்றித் திரும்பத் தொடங்கும். அல்லது முன்சில்லு முதலில் தரையில் அடித்து விமானம் துள்ளும். துள்ளியதும் விமானி மூக்கைத் தாழ்த்த, மேலும் கடுமையாக அடித்து மேலும் உயரத் துள்ளும். இரண்டாம், மூன்றாம் துள்ளலில் முன்கால் ஒடிவது வழமை. முதற்துள்ளலிலேயே இயந்திரத்தை முழு வலுவுக்குக் கொண்டுபோய் மீண்டும் எழுந்துவிட வேண்டும்.

வாற்சில்லு கொண்ட பழைய வகை விமானங்கள் இன்னும் கடினமானவை. அவற்றில் ஈர்ப்பு மையம் பிரதான சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. மாட்டு வண்டிலின் முன்தண்டைப் பிடித்து அதைப் பின்னோக்கித் தள்ளியவர்கள் இதை அறிவார்கள்: வண்டில் சற்றுத் திரும்பினாலும் அத்திருப்பம் தானாகவே வளரும், நாம் ஓடிப்போய்த் திருத்தாவிட்டால் குறுக்கே நின்றுவிடும். வாற்சில்லு விமானமும் அப்படியே சுழன்று, வெளிப்பக்க இறக்கை தரையில் உரச நிற்கும். முன்சில்லு விமானத்தில் ஈர்ப்பு மையம் பிரதான சில்லுகளுக்கு முன்னால் இருப்பதால் திருப்பம் தானே குறையப் பார்க்கும்; ஆயினும் பலத்த வீச்சின் முன் அந்தப் பாதுகாப்பு போதுமானதன்று.

உயிரைப் பறிக்கும் வகை ஒன்று உண்டு என்றேன். அது ஓடுபாதைக்கு வருமுன், கடைசித் திருப்பத்தில் நிகழ்வது. ஓடுபாதைக்குக் குறுக்காகப் பறந்து அதன் நேருக்குத் திரும்பும் வேளையில் பக்கக்காற்று விமானத்தின் பின்னாலிருந்து தள்ளினால், விமானம் எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்து ஓடுபாதை நேரைக் கடந்துவிடும். கடந்ததைக் கண்ட விமானி இன்னும் இறுக்கமாகத் திருப்புவார். சாய்வு போதாதென்று சுக்கானையும் மிதிப்பார். மூக்குத் தாழ்வதைக் கண்டு பிடியை இழுப்பார். வேகம் குறைந்த நிலையில் இம்மூன்றும் சேர்ந்தால் ஒரு இறக்கை முதலில் தூக்குவிசையை இழந்து விமானம் சுழன்று விழும். அந்த உயரத்தில் மீட்க இடமில்லை. நேரைக் கடந்துவிட்டால் திருத்த முயலாமல் மேலெழுந்து சுற்றி வர வேண்டும்.

மேலெழுந்து சுற்றி வருவதைப் பற்றி அழுத்திக் கூற விரும்புகிறேன். ஏனெனில் பக்கக்காற்று விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்னர் அதைச் செய்வதற்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். மூக்கை நேராக வைக்கச் சுக்கானை முழுதாக மிதித்தும் போதவில்லை என்றால், அந்தக் காற்று அந்த விமானத்தின் அளவுக்கு மேற்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு வேறில்லை. 2008 மார்ச் 1இல் ஜேர்மனியின் ஹம்பேர்க்கில், புயற்காற்றில் இறங்கிய லுஃப்தான்சாவின் ஏ320 விமானத்தின் இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் உடனே மேலெழுந்து, மறுபடி வந்து பாதுகாப்பாக இறங்கினர், ஒருவருக்கும் காயமில்லை. அது பெரிய விமானம்; ஆனால் முடிவு ஒன்றுதான். சிறு விமானத்தில் இதற்கும் பயிற்சி வேண்டும். முழு வலுவைக் கொடுத்ததும் பெரும்பாலான ஒற்றை இயந்திர விமானங்களின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். காற்றும் இடமிருந்து வந்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். அதனால் வலது சுக்கான் தயாராக இருக்க வேண்டும். ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்காமல் படிப்படியாக மடக்க வேண்டும்.

இரண்டு முறை முயன்றும் முடியாவிட்டால் மூன்றாம் முறை முயல்வதைவிட வேறிடம் போவது நல்லது. மட்டக்களப்புக்கு வருபவருக்கு அம்பாறை, சீனக்குடா, ஹிங்குராக்கொடை ஆகிய ஓடுபாதைகள் சுற்றுவட்டத்தில் உள்ளன. போகவும் காத்திருக்கவும் போதிய எரிபொருள் இருந்தால்தான் இத்தெரிவு உண்மையில் தெரிவாகும். கச்சான் காலத்தில் நண்பகலுக்கு முன்னரே இறங்குமாறு பயணத்தை அமைப்பதும், ஐப்பசியில் இடிமுகில் மேலெழும் பிற்பகலைத் தவிர்ப்பதும் இன்னும் எளிய தெரிவுகள். இறங்க வரும்போது, காற்றின் திசையும் வலுவும் காட்டும் துணிக்குழாயான காற்றுப்பையையும் பார்க்க வேண்டும். பொதுவாகப் பயன்படும் வகை 15 நொட்டில் முழுதாக விறைத்து நிற்கும். அது விறைத்து நிற்கிறதா என்பதைவிட, விறைப்பதும் தொங்குவதுமாக மாறிமாறி அலைகிறதா என்பதே முக்கியம்.

ஓட்டம் தணிந்து தரிப்பிடத்துக்குத் திரும்பும்போதும் வேலை முடிவதில்லை. காற்று முன்பக்கத்திலிருந்து சரிந்து வந்தால் பிடியைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து சரிந்து வந்தால் காற்றுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, முன்னே தள்ளி வைக்க வேண்டும். பின்னிருந்து வரும் வீச்சு, மெதுவாக உருளும் இலேசான விமானத்தின் வாலையும் ஒரு பக்க இறக்கையையும் சேர்த்துத் தூக்கிக் கவிழ்க்கக்கூடும். இயந்திரத்தை நிறுத்தி, சில்லுகளுக்கு முட்டுக்கட்டை வைத்து, இரண்டு இறக்கைகளிலும் வாலிலும் கயிறு கட்டி முடியும்வரை, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை விமானி மறந்துவிடக் கூடாது.